சீனி எல்லைக்கோட்டில், பிரஷரும் கூட: குளிசைக்கு முன்னால் எதை மாத்துறது?

உப்புவெளிக் காற்று:

வீட்டில் 54 வயது ஆள் ஒருவருக்கு வந்த ரிப்போட் இது. வெறும் வயிற்றுச் சீனி 118, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தச் சோதனை) 6.2, பிரஷர் இரண்டு தடவை 144/92, 142/90. உயரம் 165 செ.மீ., நிறை 76 கிலோ, இடுப்பு 98 செ.மீ. குளிசை இன்னும் தரவில்லை, மூன்று மாதம் சாப்பாட்டிலும் நடையிலும் கவனமாக இருந்துவிட்டு வரச் சொல்லியிருக்கு.

காலமை புட்டு அல்லது இடியப்பம், மத்தியானம் சோறும் மீன்குழம்பும், இரவு பாண். வாரத்தில் மூன்று நாள் கருவாடு. பிளேன்டீ நாளுக்கு ஐந்து, கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி. எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "சோத்தை விட்டிட்டுக் குரக்கனுக்கு மாறு." அது சரியா? எதில் தொடங்க, எவ்வளவு குறைக்க?

கரண்டிக்கணக்கு:

முதலில் கை வைக்கவேண்டியது சோற்றில் இல்லை, தேத்தண்ணியில். ஐந்து கோப்பைக்குப் பத்துக் கரண்டி. மட்டமான தேக்கரண்டி ஒன்றில் 4 கிராம் சீனி நிற்கும், குவித்து அள்ளினால் இன்னும் கூட. ஆக நாளுக்கு 40 கிராமுக்குக் குறையாது. ஒரேயடியாக நிறுத்தினால் நாலு நாளில் பழையபடி வந்துவிடும். கோப்பைக்கு வாரம் அரைக் கரண்டியாகக் குறையுங்கோ; நாலாம் வாரம் வெறும் தேத்தண்ணி நாக்குக்குப் பழகிவிடும். சீனிக்குப் பதில் பனங்கட்டி கடித்தால் பரவாயில்லை என்பது நாங்கள் எங்களுக்கே சொல்லிக்கொள்ளும் பொய். அதுவும் சீனிதான்.

குரக்கனில் நார் கூட, உண்மை. ஆனால் பெரும்பங்கு அதிலும் மாச்சத்துத்தான். கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் மெல்லும் வேலையே இல்லை, சீனி விறுக்கென்று ஏறும். குரக்கன் ரொட்டி ஒன்றோடு எழும்பினால் நல்லது. நாலு சாப்பிட்டால் சோறு சாப்பிட்டதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சோற்றை விடவேண்டாம், அளவுங்கோ. அவிந்த சோறு ஒரு கோப்பையில் ஏறக்குறைய 45 கிராம் மாச்சத்து. மத்தியானம் ஒரு கோப்பை, தவிட்டோடு இருக்கிற சிவப்பரிசி என்றால் இன்னும் நல்லம். சாப்பாட்டுத் தட்டில் பாதி முருங்கையிலை, வல்லாரை, கத்தரி, பயற்றங்காய். கால்பங்கு மீனும் பருப்பும். மிச்சக் கால்பங்குதான் சோறு. வறையையும் மீனையும் முதல் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் எடுத்தால் சாப்பாட்டுக்குப் பிறகு சீனி ஏறுவது குறையும். செலவில்லாத வேலை, ஆனால் எங்கட ஆக்களுக்குக் குழைத்துச் சாப்பிடாவிட்டால் சாப்பிட்ட மாதிரி இராது. பாதிக் கறியை முதல் தின்றுவிட்டு மீதியோடு குழையுங்கோ.

புட்டுக்கு வாழைப்பழமும் சீனியும் சேர்க்கிற பழக்கத்தை விட்டு, கடலை, முட்டை, மீன்குழம்பு எதோடாவது சாப்பிடட்டும்.

உயரத்துக்கு நிறையைப் பார்க்கும் பிஎம்ஐ கணக்கில் இவர் 28க்குக் கிட்ட. ஆசிய உடம்புக்கு 23 தாண்டினாலே கவனிக்கவேணும். ஆம்பிளைக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் நிற்கவேணும். அமெரிக்காவில் 2002இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் இதே மாதிரி எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கு வைத்த இலக்கு, நிறையில் 7 வீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும். அவர்களில் நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. மெட்போமின் என்ற நீரிழிவுக் குளிசை குடித்தவர்களிடம் 31 வீதம்தான். இவருடைய கணக்கில் 7 வீதம் என்றால் ஐந்து கிலோ சொச்சம். எட்டாத தூரம் இல்லை.

கருவாட்டுப்பானை:

சீனிக்கதை மேலே வந்துவிட்டது. 144/92க்கு முக்கிய ஆள் உப்பு.

உலக சுகாதார நிறுவனம் சொல்லுவது ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டமாக. கறி, பாண், கருவாடு எல்லாம் சேர்த்து. வீட்டில் அளக்கச் சுகமான வழி ஒன்று இருக்கு: உப்புப் பக்கெட் உடைத்த நாளை அதன்மேலேயே எழுதிவையுங்கோ. நாலு பேர் வீட்டில் 400 கிராம் பக்கெட் 20 நாளைக்குக் குறைவாகத் தீர்ந்தால், கடையில் வாங்கித் தின்னும் உப்பைக் கணக்கில் எடுக்காமலே எல்லை தாண்டியாச்சு.

சுற்றிவரக் கடல். பச்சைமீன் கிடைக்கிற ஊரில் வாரம் மூன்று நாள் கருவாடு தேவையில்லை. ஆசைக்கு வாரத்தில் ஒருநாள், அதுவும் சிறு துண்டாக வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணியில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, தண்ணியை இரண்டு தரம் மாற்றி ஊற்றிவிட்டு, அந்தக் கறிக்கு வேறு உப்பே போடாமல். ஊறினாலும் உப்பு முழுக்கப் போகாது. மாசிச் சம்பல், ஊறுகாய், பப்படம், சூப்கட்டி, மிக்சர் எல்லாம் அதே கணக்கில் வரும். குறைத்த உப்பின் இடத்தைத் தேசிக்காய், கொறுக்காய்ப்புளி, மிளகு நிரப்பும். நாக்கு பழக ஒரு மாதமாவது ஆகும், அதுவரைக்கும் சமைக்கிறவரைத் திட்டக்கூடாது.

"லோ சோடியம்" உப்பில் பொட்டாசியம் இருக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் லொசார்டன், எனலாபிரில், ஸ்பைரோனோலக்டோன் போன்ற பிரஷர் குளிசை குடிப்பவர்களும் டொக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். திருகோணமலை மாவட்டத்தில் கோமரங்கடவல, பதவிசிறிபுர பக்கம் போன்ற வறண்ட வலயத்தில் சிறுநீரக நோய் கூடவென்பதால், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினினும் சிறுநீர்ப் புரதமும் ஒருக்கால் பார்த்துவைப்பது நல்லம். மூட்டு நோவுக்கு டைக்ளோபெனக், இபுபுரோபன் என்று சும்மா விழுங்குவது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் அடிக்கும்.

பிரஷர் பார்க்க முன்னம் அரை மணித்தியாலம் தேத்தண்ணி, சிகரெட் வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து இருந்து, கால் நிலத்தில், கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. கதைத்துக்கொண்டு பார்த்தால் கூடக் காட்டும். வீட்டில் 135/85க்குக் கீழே நிற்கவேணும்.

நடைக்கு பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயில் ஏற்றம் போதும். வெயில் ஏற முன், மான்களுக்கு வழி விட்டு, கதைக்க முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில். சாப்பிட்ட பிறகு வீட்டுமுற்றத்தில் பத்து நிமிடம் நடந்தால் அதுவும் கணக்குத்தான்.

கிண்ணியா மாலை:

இடையில் ஒரு கேள்வி. நீரிழிவுக்குக் கிளிக்ளசைட்டும் மெட்போமினும் ஏற்கெனவே குடிப்பவர் ஒருவர் இதே மாதிரிச் சோற்றைப் பாதியாக்கினார். பதினொரு மணியளவில் வியர்வை, கை நடுக்கம். சீனி குறையுது, நல்லதுதானே என்கிறார். நோன்பும் பிடிக்கப்போகிறாராம்.

கரண்டிக்கணக்கு:

நல்லதில்லை நானா, ஆபத்து. மெட்போமின் தனியே இருந்தால் சீனி அவ்வளவு இறங்காது. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் குடலுக்குள் என்ன போனது என்று பார்க்காமல் சீனியை இறக்கும். 70க்குக் கீழே என்றால் உடனே மூன்று நாலு தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணியில் கரைத்துக் குடிக்கவேணும். 15 நிமிடத்தில் திரும்பப் பார்த்து, ஏறாவிட்டால் இன்னொருக்கால். சொக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதிக்கும். நினைவு தப்பினால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990 அம்புலன்சுக்கு எடுங்கோ.

குளிசையைத் தானாக நிறுத்தவும் கூடாது. சோற்றைக் குறைக்க முன்னமே கிளினிக்கில் சொல்லவேணும், குளிசை அளவை அவர்கள் குறைப்பார்கள். நோன்புக்கு இரண்டு மாதம் முன்னமே கேட்டால் நேரம் மாற்றித் தருவார்கள். 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பு திறக்கத்தான் வேணும். வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருப்பவர்களுக்கும் இதே எண்கள்தான்.

கால் விறைப்பு உள்ளவர்கள் மத்தியான வெயிலில் கோயில் கல்லில் வெறுங்காலோடு நடக்கவேண்டாம். கொப்புளம் போட்டதே தெரியாது, பிறகு புண். காலமைப் பூசைக்குப் போகலாம். கன்னியா வெந்நீர்க் கிணற்றின் சூட்டையும் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கோ.

உப்புவெளிக் காற்று:

நன்றி. திரும்ப எப்ப டெஸ்ட் எடுக்கிறது? பதினைந்து நாளில் எடுத்தால் தெரியுமா?

கருவாட்டுப்பானை:

எச்பிஏ1சியில் அதுக்குள் மாற்றம் சரியாகத் தெரியாது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் இருக்கும், அதில் ஒட்டின சீனியைத்தான் அது காட்டுது. மூன்று மாதம் கழித்து எடுங்கோ. அதுவரை வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், வெறும் வயிற்றோடு நிறையும் இடுப்பும்; வாரம் இரண்டு நாள் பிரஷர். கொப்பியில் எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கோ. இடையில் 180/120 தாண்டி நெஞ்சுநோவோ, வாய் கோணலோ, ஒரு பக்கக் கை சோர்வோ வந்தால் மூன்று மாதக் கதை இல்லை, அந்த நேரமே ஆஸ்பத்திரி.