மேஷப் என்று கொடுத்ததை ரீமிக்ஸ் என்று தள்ளிவிட்டார்கள், இது சரியா?

லாஸ்பேட்டை_பீட்:
புதுச்சேரியில் ஒரு கல்லூரி விழாவில் மேஷப் போட்டி வைத்தார்கள். நானும் நண்பனும் ஒரு பழைய பாட்டின் குரலை மட்டும் பிரித்தெடுத்து, கீழே நாங்களே வாசித்த பறை லூப்பும் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) பேஸும் சேர்த்துக் கொடுத்தோம். மூன்று வார ராத்திரி வேலை. “இது ரீமிக்ஸ், மேஷப் இல்லை” என்று முதல் சுற்றிலேயே எடுத்துவிட்டார்கள். கேட்டவர்கள் கை தட்டினார்களே, பெயர் அவ்வளவு முக்கியமா?

மெட்டுக்காரன்:
வருத்தமாகத்தான் இருக்கும் தம்பி, ஆனாலும் நடுவர்கள் சொன்னது சரி. மேஷப் என்றால் குறைந்தது இரண்டு பழைய பதிவுகள் வேண்டும். வழக்கமாக ஒன்றின் குரல், இன்னொன்றின் வாத்தியம். 2004-ல் அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் டேஞ்சர் மவுஸ் செய்த ‘கிரே ஆல்பம்’ ராப் பாடகர் ஜே-ஸியின் குரலையும் பீட்டில்ஸ் பதிவிலிருந்து வெட்டிய துண்டுகளையும் சேர்த்தது. நீங்கள் எடுத்தது ஒரே பதிவு. மற்றதெல்லாம் உங்கள் கைவாசிப்பு.

தேவனாம்பட்டினம்_டீஜே:
இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சொல்லுக்குப் பொருள் தருவது அதைப் புழங்குகிற ஜனங்கள். மஞ்சக்குப்பத்தில் கல்யாண ரிசப்ஷனுக்கு வாசிக்கப் போனால் “ரீமிக்ஸ் போடுங்கண்ணே” என்கிறார்கள். அவர்கள் கேட்பது என்னவென்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ‘அழகிய தமிழ்மகன்’ படத்தில் ‘பொன்மகள் வந்தாள்’ வந்தபோது ஊரே அதை ரீமிக்ஸ் என்றுதான் சொன்னது. ஊர் முழுக்கத் தப்பாகவா சொன்னது?

மெட்டுக்காரன்:
நீங்கள் சொன்ன பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1970-ல் ‘சொர்க்கம்’ படத்துக்கு எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் டி.எம்.எஸ். பாடினார். 2007-ல் பாடியவர்கள் வேறு, இசையமைப்பு ஏ.ஆர்.ரஹ்மானுடையது. மெட்டும் வரிகளும்தான் பழையவை, அதனால் அது ரீமிக்ஸ் இல்லை. ரீமிக்ஸ் என்பது பதிவான தடங்களையே எடுத்து மறுபடி கலப்பது. 1970களில் ஜமைக்காவில் கிங் டப்பி என்ற ஒலிப்பொறியாளர் அதைத்தான் செய்தார். குரலை இறக்கி, டிரம்மையும் பேஸையும் முன்னே கொண்டுவந்தார்.

பழைய மெட்டில் புதுப்பாட்டு கட்டுவது நமக்குப் புதிதில்லை, சொல்லும் நம்மிடமே இருக்கிறது: வர்ணமெட்டு. பாரதியின் ‘சுதந்திரப் பெருமை’ பாட்டின் தலைப்பைப் பாருங்கள். “தில்லை வெளியிலே கலந்துவிட்டாலவர்” என்னும் வர்ணமெட்டு என்று போட்டிருக்கும். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திர மெட்டு அது. தில்லை நம் கடலூர் மாவட்டத்துச் சிதம்பரம்தான். மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைப் பாட்டின் தலைமாட்டிலேயே எழுதிவைத்தார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறையும்.

நான் பெயரைப் பிடித்துத் தொங்குவது இதற்காகத்தான். மெட்டை எடுத்தால் இசையமைப்பாளருக்குக் கடன்பட்டிருக்கிறோம். பதிவை எடுத்தால் பாடியவர், வாசித்தவர், பதிவின் உரிமையாளர் எல்லோருக்கும். சட்டமும் இந்த இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த 31சி பிரிவு கவர் பாட்டுக்கானது. முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டு கழிந்தபின், முன்கூட்டித் தெரிவித்து, ராயல்டி கட்டிப் புதிதாகப் பாடிப் பதியலாம். பழைய பதிவை வெட்டி ஒட்ட அந்தப் பிரிவு வழி தரவில்லை.

கெடிலக்கரை:
நான் மெல்லிசை மேடைகளில் பாடுகிறவள். கடன் யாருக்கு என்ற பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மேஷப் என்றால் இரண்டு பதிவை ஒட்டினால் போதும் என்பதுபோல் ஆகிவிட்டது. மோகன ராகத்தின் காந்தாரத்தை (‘க’) சட்ஜமாக (‘ச’, பாட்டின் ஆதார சுரம்) வைத்தால் இந்தோள ராகம். ஐந்து சுரமும் அதே சுரம்தான். அதனால் இந்தோளப் பாட்டின் குரலை மோகனப் பாட்டின் வாத்தியத்தில் உட்கார வைக்க முடியும். இப்படிச் சுருதி பார்த்துச் சேர்ப்பதும் ஒரு சாதகம். அதையும் படைப்பு என்று சொல்லுங்கள்.

தேவனாம்பட்டினம்_டீஜே:
அக்கா சொன்னதைச் செய்து பார்த்திருக்கிறேன். சுரம் இடிக்காது. ஆனால் குரல் தன் சட்ஜத்தில் வந்து நிற்கும்போது கீழே வாத்தியம் வேறு சட்ஜத்தில் நிற்கும். பாட்டு வீடு வந்து சேராமல் தெருவிலேயே நிற்பதுபோல் இருக்கும். பல்லவி முடிகிற இடத்தில் மட்டும் பேஸை மாற்றி வாசித்துச் சமாளித்தேன்.

தாளம் அதைவிடக் கஷ்டம். அந்தக் காலத்தில் கிளிக் (வேகம் காட்டும் டிக் டிக் ஒலி) வைத்துப் பதியவில்லை, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள். ஒரு பாட்டு பல்லவியில் 96 பீபிஎம் (நிமிடத்துக்கு 96 தட்டு), இரண்டாவது சரணத்தில் 99 காட்டியது. ஒரே வேகத்துக்கு இழுத்துக் கட்டினால் தபேலாக்காரரின் நடை செத்துப்போகிறது. அதனால் வரிக்கு வரி தட்டு விழும் இடத்தில் புள்ளி வைத்து, லூப்பைத்தான் பாட்டுக்குப் பின்னால் நடக்க விட்டேன். குரலைப் பிரித்தாலும் வயலின் வாடை ஒட்டிக்கொண்டே வரும், ‘ச’ வருகிற இடமெல்லாம் சீறும். மேஷப், ரீமிக்ஸ் இரண்டுக்கும் இந்த உழைப்பு ஒன்றுதான். அப்புறம் எதற்கு ஒருவரை உள்ளே விட்டு ஒருவரை வெளியே நிறுத்துவது?

மெட்டுக்காரன்:
உழைப்பு ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். மேஷப்பில் என்ன இருக்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே எழுதியிருந்தார்களா தம்பி?

லாஸ்பேட்டை_பீட்:
இல்லை அண்ணா. ‘மேஷப், நான்கு நிமிடம்’ என்று மட்டும்தான்.

மெட்டுக்காரன்:
அப்படியானால் தள்ளியது தவறு. சொல்லின் பொருளில் நான் மாறவில்லை. ஆனால் விதியில் இல்லாததை வைத்து மூன்று வார வேலையைக் கழித்திருக்கக் கூடாது.

லாஸ்பேட்டை_பீட்:
டீஜே அண்ணா, எங்களுடையதிலும் சரணத்தில் பறை முந்துகிறது. புள்ளி வைத்தது எப்படி என்று சொல்லித் தருகிறீர்களா? இந்த முறை மூலப்பாட்டையும் பாடியவர் பெயரையும் முதல் வரியில் போடுகிறேன்.

தேவனாம்பட்டினம்_டீஜே:
கோப்பை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கடலூர் வர முடிந்தால் கூடவே உட்கார்ந்து பார்ப்போம்.