பெரியப்பா கட்டிய ரேடியோ கண்ட்ரோல் மரப்படகு: முழுவதும் தேய்த்துவிடலாமா?

வங்குமரம்:

வணக்கம். என் பெரியப்பா கையால் கட்டிய ரேடியோ கண்ட்ரோல் படகு போன மாதம் என்னிடம் வந்து சேர்ந்தது. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. பெரியம்மா வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து இறக்கி, "நீதான் சின்னப் பிள்ளையில இதையே சுத்திச் சுத்தி வருவே, நீயே வச்சுக்கோ" என்று கொடுத்தார். மரவேலை எனக்கு ஓரளவு வரும். நாற்காலி, அலமாரி செய்திருக்கிறேன். படகும் தெரியாது, ரேடியோவும் தெரியாது. அதனால்தான் கேட்கிறேன்.

படகு 86 சென்டிமீட்டர் நீளம், 28 அகலம். கேபின் வைத்த வேகப்படகு மாதிரி. பக்கங்களும் அடியும் மெல்லிய பிளைவுட், உள்ளே படகின் வடிவைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களாக ஏழு வங்குகள். கேபினைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு வங்கிலும் பென்சிலில் எண் இருக்கிறது. நான்காவதில் மட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் "1976. இடது பக்கம் 1 மி.மீ. குறைவு, சரி செய்தாச்சு" என்று அவருடைய சாய்ந்த கையெழுத்து. அதைப் படித்துவிட்டு டார்ச்சை அணைக்கக்கூடத் தோன்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது இருக்கும் நிலை: கீழே சிவப்பு, மேலே வெள்ளை பெயின்ட். பல இடங்களில் செதில் செதிலாக உரிகிறது. சிவப்பின் மேல்விளிம்புக்கு இரண்டு விரல் கீழே படகைச் சுற்றிலும் பழுப்பாக ஒரு கறை. அடியும் இடது பக்கமும் சேரும் விளிம்பு பத்து சென்டிமீட்டருக்கு வாய் பிளந்திருக்கிறது. புரொப்பெல்லர் தண்டு வெளியே வரும் குழாயைச் சுற்றி மரம் கறுத்து, தொட்டால் பிசுபிசு என்கிறது. பேட்டரி இருந்த இடத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது.

ரேடியோ 27 மெகாஹெர்ட்ஸ். டிரான்ஸ்மிட்டரில் உள்ள கிரிஸ்டலில் 27.145 என்று இருக்கிறது, ரிசீவர் கிரிஸ்டலிலோ 26.690. இரண்டும் ஒத்துப்போகவில்லை. யாரோ தவறான கிரிஸ்டலைச் செருகிவிட்டார்கள் போல. ஏரியல் நுனியில் வெளுத்துப்போன மஞ்சள் துணித்துண்டு ஒன்று கட்டியிருக்கிறது, குத்தாமல் இருப்பதற்காக இருக்கும்.

என் திட்டம் இதுதான். பெயின்ட் முழுவதையும் உப்புத்தாள் போட்டு மரம் தெரியும்வரை எடுத்துவிடுவது, எப்பாக்சி பூசுவது, அதே சிவப்பு வெள்ளையில் திரும்ப அடிப்பது. பழைய ரேடியோவை எறிந்துவிட்டுப் புதிது போடுவது. இந்தச் சனிக்கிழமை தொடங்கலாமா?

ஏரா:

தம்பி, சனிக்கிழமை உப்புத்தாளை எடுக்காதீர்கள். முதலில் மாஸ்கிங் டேப் ஒரு சுருள் வாங்குங்கள்.

நீங்கள் கறை என்று எழுதியிருப்பது இந்தப் படகிலேயே முக்கியமான அடையாளம். உங்கள் பெரியப்பா எடையெல்லாம் ஏற்றி மிதக்கவிட்டபோது தண்ணீர் நின்ற மட்டம் அது. வருடக்கணக்கில் மிதந்தால்தான் அப்படிப் படியும். அதைத் தேய்த்துவிட்டால் படகு எவ்வளவு அமிழ வேண்டும், அணியம், அதாவது முன்முனை, எவ்வளவு தூக்கி நிற்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. கறையின் மேல்விளிம்பை ஒட்டி டேப் ஓட்டுங்கள். மேல்தளத்தின் ஓரத்திலிருந்து கறை வரைக்கும் உள்ள தூரத்தை முன்னால், நடுவில், பின்னால் என மூன்று இடத்தில் இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். உள்ளே பேட்டரி இருந்த இடம், ஈயத்துண்டு ஏதாவது ஒட்டியிருந்தால் அது, எல்லாவற்றையும் படம் எடுங்கள்.

அடுத்து, எடை போடுங்கள். கிராம் காட்டும் தராசு வேண்டும். வெயிலில் வைக்காமல், காற்றோட்டமான அறையில் கேபினைத் திறந்து வைத்து மூன்று நாளுக்கு ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் மரத்தில் ஈரம் இருக்கிறது. ஒரே எண்ணில் நின்ற பிறகுதான் எப்பாக்சி. ஈர மரத்தின்மேல் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி ஆகிவிடும்.

வாய் பிளந்த விளிம்புக்கு வருகிறேன். அங்கே பழைய பசை கொஞ்சம் சுரண்டியெடுத்து ஒரு சொட்டு வெந்நீர் விடுங்கள். இளகி ஒட்டும் பதத்துக்கு வந்தால் அது வச்சிரம், விலங்குத் தோல் எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பழைய பசை. அப்படியானால் மற்ற இணைப்புகளையும் நம்ப முடியாது, மழுங்கிய ஊசியால் விளிம்பு முழுவதும் அழுத்திப் பார்த்துவிடுங்கள். இளகவில்லை என்றால் அந்தப் பத்து சென்டிமீட்டரோடு விஷயம் முடிந்தது. மெல்லிய தகட்டால் உள்ளே உள்ள பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, எப்பாக்சியில் சலித்த மரத்தூள் கலந்து திணித்து, டேப்பால் இழுத்துக் கட்டுங்கள். நாற்காலிக்குப் போடுவதுபோல் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டாம். எப்பாக்சி முழுவதும் பிதுங்கி வெளியே வந்துவிடும், இணைப்பில் ஒன்றும் மிஞ்சாது.

கறுத்த மரம்தான் பெரிய வேலை. அது மக்கியதால் கறுத்ததல்ல என்று நினைக்கிறேன். குழாய்க்குள் அடைத்த கிரீஸ் கசிந்து ஊறியிருக்கும். ஊசி சுலபமாக இறங்கினால்தான் மக்கல். கிரீஸ் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது, மேலே என்ன பூசினாலும் தோலாக உரிந்து வரும். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட்டை எடுத்துவிட்டு, டால்கம் பவுடரை அசிட்டோனில் குழைத்துக் கனமாக அப்புங்கள். அசிட்டோன் கிரீஸைக் கரைத்து மேலே கொண்டுவரும், பவுடர் குடித்துக்கொள்ளும். காய்ந்ததும் பிரஷால் தட்டிவிட்டுப் பார்த்தால் பவுடர் பழுப்பாகியிருக்கும். பவுடர் வெள்ளையாகவே நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எனக்கு ஒரு படகில் ஒன்பது தடவை ஆனது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். எங்கே தேய்த்தாலும் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சேற்றைத் துணியால் வழித்து எடுங்கள். தூள் பறக்கக் கூடாது.

அலைவரிசை:

அண்ணா, படகுக்காரர்கள் மரத்தைப் பார்த்துக்கொள்வார்கள், ரேடியோவை நான் சொல்கிறேன்.

கிரிஸ்டல் என்பது அலைவரிசையை நிர்ணயிக்கும் சின்னத் துண்டு. உங்களுடையவை இரண்டும் சரியான ஜோடிதான். 27.145-லிருந்து 26.690-ஐக் கழித்துப் பாருங்கள், 0.455 வரும். அந்த ரிசீவர் வேலை செய்யும் முறையே அது. வரும் அலையைத் தன் கிரிஸ்டலின் அலையோடு கலந்து, வித்தியாசமான 455 கிலோஹெர்ட்ஸை எடுத்துப் பெருக்கும். அதனால் ரிசீவர் கிரிஸ்டல் 455 கிலோஹெர்ட்ஸ் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றை எடுத்து மற்றதில் செருகிவிடாதீர்கள்.

அந்த மஞ்சள் துணி குத்தாமல் இருக்கக் கட்டியது அல்ல. தயவுசெய்து அதை எறிந்துவிடாதீர்கள். 27 மெகாஹெர்ட்ஸில் ஆறு அலைவரிசைகளுக்கு ஆறு நிறம் உண்டு: 26.995 பழுப்பு, 27.045 சிவப்பு, 27.095 ஆரஞ்சு, 27.145 மஞ்சள், 27.195 பச்சை, 27.255 நீலம். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் இரண்டு படகும் கட்டுப்பாட்டை இழக்கும். அதனால் அவரவர் நிறத்தில் ஏரியலில் கொடி கட்டிக்கொள்வார்கள். கரைக்கு வருகிறவர் மற்ற கொடிகளைப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். தனியாக ஓட்டுகிறவருக்குக் கொடி எதற்கு? உங்கள் பெரியப்பாவோடு இன்னும் சிலர் ஓட்டியிருக்கிறார்கள் அண்ணா.

வெள்ளைப் பொடி பேட்டரியிலிருந்து கசிந்தது. நிக்கல் காட்மியம் செல் என்றால் உள்ளே இருப்பது காரம், அது காற்றுபட்டு வெள்ளையாகப் பூக்கும். கையுறை போட்டு, உலர்ந்த பொடியைத் துடைத்தெடுத்துவிட்டு, வினிகர் தொட்ட பஞ்சால் ஒற்றுங்கள். நுரைப்பது நின்றதும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். மரத்தில் ஊற்ற வேண்டாம். பழைய செல்கள் கிடைத்தால் குப்பையில் போடாதீர்கள், காட்மியம் விஷம்.

பேட்டரிக்குப் போகும் கறுப்பு வயரின் தோலைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். செம்பு பளபளக்காமல் கறுத்திருந்தால் அந்தக் கசிவு வயருக்குள்ளேயே ஏறியிருக்கிறது. அதில் பற்றவைக்கும் ஈயம் பிடிக்காது. வயரை முழுதாக மாற்றுவதுதான் வழி.

வேகத்தைக் கூட்டிக் குறைக்க சர்வோ, அதாவது ரேடியோ சொல்கிறபடி அசையும் குட்டி மோட்டார், ஒரு கையைத் தள்ளி, கம்பிச்சுருளின்மேல் நகர்த்துகிற அமைப்பு இருக்கிறதா? இருந்தால் அதன் அடியில் மரம் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். அரை வேகத்தில் மிச்ச மின்சாரமெல்லாம் அந்தச் சுருளில் சூடாகத்தான் போகும். அதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, ஓட்டுவதற்கு எலக்ட்ரானிக் கண்ட்ரோலர் போடுங்கள். பேட்டரிக்கு அடுத்தே ஒரு ஃபியூஸும் போடுங்கள். மோட்டாரில் குட்டி செராமிக் கெபாசிட்டர்கள் பற்றவைத்திருந்தால் பிடுங்காதீர்கள். பிரஷ்ஷில் தெறிக்கும் பொறி ரேடியோவைக் குழப்பாமல் பார்த்துக்கொள்வது அவைதான்.

புதிதாக 2.4 கிகாஹெர்ட்ஸ் போடுவது நல்ல முடிவுதான். ஒன்று மட்டும்: அந்த அலை தண்ணீருக்குள் ஊடுருவாது. ரிசீவர் ஆன்டெனாவின் நுனி, 31 மில்லிமீட்டர் அளவுக்குத் தோல் உரித்திருக்கும் பகுதி, நீர்மட்டத்துக்கு மேலே கேபினுக்குள் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

கடைசால்:

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. பெயின்ட்டை முழுவதும் எடுத்துவிடுவதே நல்லது. பழைய பூச்சுக்கு அடியில் பிளைவுட் அடுக்கு பிரிந்திருந்தால் மேலே இருந்து தெரியவே தெரியாது. ஒரு படகை நான் பூச்சு நன்றாக இருக்கிறதே என்று விட்டேன், மூன்றாவது ஓட்டத்தில் அடிப்பலகை கொப்பளம் போட்டது.

ஏரா:

கடைசால் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விரல் நகத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் சத்தம் கூர்மையாகக் கேட்கும், பிரிந்த இடத்தில் சப்பென்று கேட்கும். அப்படிப்பட்ட இடங்களை மரம்வரை எடுங்கள், தயங்க வேண்டாம். கெட்டியாக நிற்கும் பூச்சை மட்டும் விட்டு வையுங்கள். அவர் பூசியது அது. 1.5 மில்லி பிளைவுட் என்றால் மேலடுக்கு அரை மில்லிகூட இருக்காது, நாற்காலி தேய்த்த கை அதை ஒரு நிமிடத்தில் ஓட்டை போட்டுவிடும்.

புதுப் பெயின்ட்டுக்கு முன் மறைவான இடத்தில் செல்லுலோஸ் தின்னர் தொட்டுப் பாருங்கள். பழைய பூச்சு கரைந்து வந்தால் அது செல்லுலோஸ். சுருங்கிக் கொப்பளித்தால் எனாமல். செல்லுலோஸ் மேல் எனாமல் அடிக்கலாம். எனாமல் மேல் செல்லுலோஸ் அடித்தால் கீழே உள்ளது மொத்தமும் சுருங்கி எழும்பும்.

வங்குமரம்:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

மஞ்சள் துணியைப் பற்றி அன்றைக்கே பெரியம்மாவிடம் போனில் கேட்டேன். "ஆமா, மூணு பேரு. இவரு மஞ்சள், இன்னொருத்தரு சிவப்பு, மூணாவது ஆளு நீலம். கொடியைத் துவைச்சுக் குடுன்னு என்கிட்டதான் குடுப்பாரு" என்றார். அந்தத் துணியின் ஓரம் மடித்துக் கையால் தைத்திருக்கிறது. தைத்ததும் பெரியம்மாதான். நான் அதைக் குப்பைக்கூடை வரைக்கும் கொண்டுபோயிருந்தேன்.

எடை 2,418 கிராமில் தொடங்கி, பத்தொன்பதாவது நாள் 2,371-ல் நின்றது. பசை வெந்நீருக்கு இளகவில்லை, அதனால் பிளந்த விளிம்பு மட்டும்தான் வேலை. டால்கம் ஏழு தடவை. ஊசி எங்கேயும் இறங்கவில்லை. தட்டிப் பார்த்ததில் பின்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் சப்பென்று கேட்டது. கடைசால் அவர்களே, அங்கே நீங்கள் சொன்னபடிதான் இருந்தது, மேலடுக்கு காகிதம் மாதிரி எழும்பி வந்தது. அதை வெட்டி எடுத்து ஒட்டுப் போட்டேன். சிவப்பில் முக்கால்வாசி அவருடையதே நிற்கிறது. வங்கு எண்களின்மேல் எப்பாக்சி பூசியபோது பென்சில் எழுத்து முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

நேற்றுத் தொட்டியில் மிதக்கவிட்டேன். உள்ளே பழைய பேட்டரிப் பெட்டியின் அளவை வைத்துப் பார்த்தால் அவர் 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியும் வைத்திருந்திருக்கிறார். நான் போட்ட லித்தியம் பேட்டரி அதில் கால் பங்கு எடைகூட இல்லை. படகு டேப்புக்கு மேலே சில மில்லி தூக்கி நின்று, தொட்டால் ஆடியது. ஈயத்துண்டுகளை அந்தப் பெட்டி இருந்த இடத்திலேயே ஒவ்வொன்றாக வைத்தேன். 640 கிராம் வைத்ததும் அணியம், நடு, பின்பக்கம் மூன்றிலும் தண்ணீர் டேப்பின் விளிம்புக்கு வந்து நின்றது.

ஒரு மணி நேரம் விட்டுத் துடைத்து எடை போட்டேன், 9 கிராம் கூடுதல். தண்டுக் குழாயின் உள்முனையில் ஒரு முத்து மாதிரி தண்ணீர் நின்றது. தண்டைப் பிடித்து ஆட்டினால் லேசாக ஆடுகிறது, குழாய் முனையில் தண்டைத் தாங்கும் புஷ் (வளையம்) தேய்ந்திருக்கிறது. குழாயை விட்டுவிட்டு புஷ்ஷை மட்டும் மாற்ற முடியுமா, அல்லது குழாயோடு எடுக்க வேண்டுமா? குழாய் அவர் பதித்தது, முடிந்தால் அசைக்க மனமில்லை.

ஏரா:

புஷ் மட்டும் வரும். தண்டை உருவிவிட்டு, குழாயின் மறுமுனையிலிருந்து புஷ்ஷின் வெளிக் குறுக்களவைவிடச் சற்றே குறைந்த கம்பியை விட்டு மெல்லத் தட்டுங்கள். வரவில்லை என்றால் சால்டரிங் அயர்னை புஷ்மேல் அரை நிமிடம் வைத்துச் சூடேற்றிவிட்டுத் தட்டுங்கள். குழாயைச் சூடாக்காதீர்கள், சுற்றியுள்ள பசை இளகிவிடும். புது புஷ் இறங்கியதும் தண்ணீருக்கான கிரீஸ் அடைத்து, தண்டு விரலால் சுண்டினால் தானாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். அப்புறம் மோட்டாரை இணைக்கலாம்.