2024 நவம்பர் 14ஆம் திகதி இலங்கைப் பாராளுமன்றத் தேர்தல்: யாருக்கு வாக்குப் போடுவது, எதற்குப் போடுவது?

படுவான்கரையான்:
பாராளுமன்றத் தேர்தலுக்கு இன்னும் 5 நாள். இன்றைக்கு மட்டும் எங்கள் மண்டூர்ப் பக்கம் மூன்று கட்சிக்காரர் வந்து போனார்கள், மூன்று பேர் வாயிலும் வாவிக்கு மேலே இன்னும் கட்டாத குருமண்வெளிப் பாலம்தான். 2020இலும் ஒருவர் வந்தார். எங்கள் திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே "பாலம்தானே அம்மா, எழுதிக்கொள்கிறேன்" என்று டயரியை விரித்தார். எட்டிப் பார்த்தால் அது 2018ஆம் ஆண்டு டயரி. அடுத்த வருசம் அம்மாவுக்கு இரவில் மூச்சு இழுத்தபோது வாவியைக் கடக்கிற பாதை (மிதவைப் படகு) ஓட்டம் முடிந்துவிட்டது, வெல்லாவெளி சுற்றி, பட்டிருப்புப் பாலத்தால் ஓட்டோவில் களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம் (இப்போது சுகமாக இருக்கிறா). இந்த முறை வாக்குச் சீட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு. அவ்வளவுதான் என் வாக்கு.

தம்பிலுவில் மாஸ்டர்:
தம்பி, கோபம் நியாயம். ஆனால் கோடு கீறினால் யாருக்கு நட்டம் என்று பார். "இவர்களில் ஒருவரும் வேண்டாம்" என்று ஒரு கட்டம் நம் நாட்டுச் சீட்டில் கிடையாது. செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் 3 லட்சம் வாக்கு நிராகரிக்கப்பட்டது, அதைப் பற்றி யாராவது மூச்சு விட்டார்களா? மாவட்டத்தில் 5 வீதத்துக்குக் குறைவாக எடுக்கிற கட்சிக்கு ஆசனம் இல்லை என்ற வெட்டுப்புள்ளியும் செல்லுபடியான வாக்கை வைத்துத்தான். நீ கெடுக்கிற சீட்டு நீ வெறுக்கிறவனுக்கும் படியைக் கொஞ்சம் பதித்துக் கொடுக்கிறது.

எங்கள் அம்பாறைக் கதை தெரியும்தானே. 2020இல் வீட்டுச் சின்னத் தமிழரசுக் கட்சிக்கு 25 ஆயிரம், முன்னாள் புலித் தளபதி கருணா அம்மான் அணிக்கு 29 ஆயிரம். 39 ஆயிரத்துக்குக் கிட்ட எடுத்த தேசிய காங்கிரஸுக்கு ஓர் ஆசனம். 54 ஆயிரத்தை இரண்டாகக் கிழித்த தமிழர் எங்களுக்குப் பூச்சியம்! பிறகு தேசியப் பட்டியலில் (நாடு முழுக்க எடுத்த வாக்குக்குக் கட்சிக்குக் கிடைக்கிற ஆசனத்தில்) ஒருவரை அனுப்பித்தான் மானத்தைக் காப்பாற்றினார்கள். அதனால் பிடிக்கிறதோ இல்லையோ, இருக்கிறதில் கேடு குறைந்தவனுக்குப் போடு.

கல்முனைப் புள்ள:
மாஸ்டர், கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கை ஏன் எங்களுக்கு மட்டும் படிப்பிக்கிறீர்கள்? இந்த முறையும் அம்பாறையில் வீடு ஒரு பக்கம், சங்குச் சின்னத் தமிழ்க் கூட்டணி ஒரு பக்கம். பிரிந்தவர்கள் அவர்கள், ஒட்டவேண்டியது நாங்களா? 2015இல் ஒருவரை அனுப்பினோம்தானே. உப செயலகமாகவே இருக்கிற கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் முழுச் செயலகமாகத் தரமுயர்ந்ததா? அதைக் கேட்டு 2019 ஜூனில் பிக்குவும் குருக்களும் ஒரே பந்தலில் உண்ணாவிரதம் இருந்தார்கள், கொழும்பில் இருந்து வாக்குறுதி வந்தது, பந்தலைக் கழற்றினார்கள், செயலகம் அப்படியே கிடக்கிறது. "பிரிந்தால் மற்றவன் வந்துவிடுவான்" என்ற பயம் இருக்கும்வரை இவர்கள் வேலை செய்யவே தேவையில்லை.

வாவிக்கரை:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஜனாதிபதித் தேர்தலில் அநுரவுக்கு 2019இல் 3 வீதம், இந்தச் செப்டம்பரில் 42. வெல்லக்கூடியவனுக்கே போடு என்று எல்லாரும் மாஸ்டரைப் போல யோசித்திருந்தால் இன்றைக்கும் அதே 3தான். அவருடைய திசைகாட்டிச் சின்னத்துக்கு ஒரு தடவை கொடுத்துப் பார்ப்போமே.

தம்பிலுவில் மாஸ்டர்:
அதற்கு நாடு வங்குரோத்தாகி, சனம் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்து, ஒரு ஜனாதிபதி ஓடவேண்டி இருந்ததே ராசா. சித்தாண்டியில் மயிலத்தமடுப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காக ஒரு வருசத்துக்கு மேலாகக் குந்தியிருக்கிறார்கள். புது ஆட்சி முதலில் அதைத் தீர்க்கட்டும், பிறகு நானே உன்னோடு நோட்டீஸ் ஒட்ட வருகிறேன்.

செல்லாக்காசு:
கட்சிச் சண்டையில் விருப்பு வாக்கை (கட்சிக்குப் போட்ட பிறகு அதன் பட்டியலில் பிடித்த ஆட்களின் இலக்கத்துக்குப் போடுவதை) மறந்துவிட்டீர்கள். எங்கள் மாமி ஒவ்வொரு முறையும் கட்சிக்கு மட்டும் புள்ளடி போட்டுவிட்டு வந்துவிடுவா, கீழே இருக்கிற இலக்கங்களைத் தொடுவதே இல்லை. அப்படி விட்டால் அந்தக் கட்சிக்குள் யார் போவது என்பதை தகரமும் தையல் மெசினும் பங்கிட்டவனுடைய ஆட்கள் தீர்மானிப்பார்கள். மூன்று பேர் வரை தெரிவுசெய்யலாம். ஒரு பட்டியலில் ஒரு நல்ல ஆள்கூடவா இல்லை? ஒருவரை மட்டும் பிடித்தால் ஒன்றை மட்டும் போடுங்கள்.

படுவான்கரையான்:
நல்ல ஆள் இருப்பார் அண்ணே. எங்கள் பக்கத்துப் பட்டியலில் ஒரு ரீச்சர் நிற்கிறா, பாலத்தைப் பற்றிக் கேட்டதற்கு "என்னால் கட்ட முடியாது தம்பி, கேட்டுக்கொண்டே இருக்கத்தான் முடியும்" என்றா. அம்மா சிரித்துவிட்டா. ஆனால் அவவுக்கு முன்னால் நிற்பவர் அந்த டயரிக்காரர், அவவுக்குப் போட முதலில் அவருடைய சின்னத்துக்குப் போடவேண்டும். இதுதான் வயிற்றெரிச்சல்.

செல்லாக்காசு:
சின்னத்துக்குப் புள்ளடி, ரீச்சருக்கு மட்டும் இலக்கம். டயரியைத் தொடாதே.

கல்முனைப் புள்ள:
அதுவும் டயரிக்கு ஆசனம் ஏற்றிக் கொடுக்கிற வேலைதான்.

படுவான்கரையான்:
தெரியும் அக்கா. நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. மாஸ்டர், நான் கல்முனையில் வேலை, வாக்கு மண்டூரில். 14ஆம் திகதி பாதை எத்தனை மணிக்குத் தொடங்கும்?

தம்பிலுவில் மாஸ்டர்:
நான் தம்பிலுவில்காரன், உன் ஊர்ப் பாதையை என்னிடம் கேட்கிறாய்! மாரி மழை பிடித்துக்கொண்டால் நம்பி நிற்காதே, முதல் நாளே வீட்டுக்குப் போய்விடு.