கலவரம், அவசர நேரத்தில் போலீஸின் ட்விட்டர் பக்கம்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை சாயங்காலம். வேலை விஷயமாக ஜெர்மனியில் உள்ள மியூனிக் போயிருந்தேன். ஒலிம்பியா வணிக வளாகத்தில் துப்பாக்கிச் சூடு என்று தெரிந்தபோது நான் ஊரின் நடுவில், அங்கிருந்து நன்றாகவே தள்ளி இருந்தேன். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருவிலும் ஜனங்கள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். "இங்கேயும் சுடுறாங்க" என்று கூச்சல். முதலில் ஓடியது யார், எதைப் பார்த்து ஓடினார்கள், ஒருவருக்கும் தெரியாது. ரயில், பஸ் எல்லாம் நிறுத்தியாயிற்று. முன்பின் தெரியாதவர்களோடு ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் அடைந்து கிடந்தேன்.

அத்தனை பேர் போனிலும் திறந்திருந்தது மியூனிக் போலீஸின் ட்விட்டர் பக்கம்தான். ஜெர்மனோடு ஆங்கிலம், பிரெஞ்சு, துருக்கி மொழிகளிலும் போட்டார்கள். எனக்கு ஜெர்மன் அரைகுறை. ஆங்கிலப் பதிவைப் பார்த்த பிறகுதான் உயிர் வந்தது. வெளியே வராதீர்கள், பொது இடங்களுக்குப் போகாதீர்கள், போலீஸ் நடவடிக்கையைப் படம் எடுத்துப் போடாதீர்கள், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு பையன், வெளியே துப்பாக்கியோடு நின்ற போலீஸாரை ஜன்னல் வழியாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். வயதான ஒரு அம்மா எழுந்து போய், அந்தப் பதிவை அவன் கண்ணுக்கு நேராக நீட்டினார். பேசவே இல்லை. பையன் போனைப் பைக்குள் வைத்துவிட்டான். சுடுகிறவனும் போனில் இதையெல்லாம் பார்ப்பான் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

சாட்சிகள் சொன்னதை வைத்து, மூன்று பேர் வரை இருக்கலாம் என்று முதலில் சொன்னது போலீஸ். நள்ளிரவு தாண்டித்தான் ஒரே ஆள் என்று தெளிவானது. 18 வயதுப் பையன். 9 பேரைக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். ஊர் முழுக்க அங்கே சுட்டார்கள், இங்கே சுட்டார்கள் என்று கிளம்பியதெல்லாம் வதந்தி. போலீஸே மாற்றி மாற்றிச் சொன்னதே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. தெரிந்த அளவுக்குத்தான் சொன்னார்கள், அதனால்தான் கடைசியில் ஒரே ஆள் என்றதும் அந்த அறையில் இருந்த எல்லோரும் நம்பினார்கள்.

*

மேலே மியூனிக்கில் இருந்தவர் படம் போடாதே என்றதைச் சொன்னதும் எனக்கு எங்கள் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸ் ஞாபகம். 2015 நவம்பர், பாரிஸ் பயங்கரவாதத் தாக்குதலுக்கு அடுத்த வாரம். அதில் சம்பந்தப்பட்டவர்களைத் தேடி எங்கள் ஊரில் வேட்டை நடக்கிறது, அதைப் பற்றி எதுவும் பதியாதீர்கள் என்று போலீஸ் கேட்டுக்கொண்டது. நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே. பார்த்தால் ஊரே பூனைப் படமாகப் போட்டுத் தள்ளுகிறது! யாராவது துப்பு தேடினால் பூனைதான் கிடைக்கும். மறுநாள் போலீஸ் ஒரு கிண்ணம் நிறையப் பூனைத் தீனி படத்தைப் போட்டு, உதவிய பூனைகளுக்கு நன்றி சொன்னது. பயத்துக்கு நடுவே சிரித்தோம்.

*

எல்லோரும் பாராட்டுகிறீர்கள், சரி. நான் வேறு மாதிரி ஒன்றையும் பார்த்தேன். 2011 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பல ஊர்களில் கலவரம் நடந்தபோது அங்கே மான்செஸ்டரில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த இரவில் எந்தப் பக்கம் போகக்கூடாது என்று போலீஸ் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். எல்லாம் அடங்கிய பிறகு, தண்டனை பெற்றவர்களின் பெயரை அதே பக்கத்தில் வரிசையாகப் போட ஆரம்பித்தார்கள். அப்புறம் வந்தது அந்தப் பதிவு: கலவரத்தில் கலந்துகொள்ளாத, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு பெண்ணுக்கு, வேறொருவர் கொள்ளையடித்துக் கொடுத்த அரைக்கால் சட்டையை வாங்கிக்கொண்டதற்காக 5 மாதச் சிறை. கூடவே, எந்தச் சாக்கும் செல்லாது என்று ஒரு குத்தல் வேறு.

தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. அதில் போலீஸுக்கு என்ன குதூகலம்? பலரும் இதையே கேட்டதும் பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்டார்கள். மேல்முறையீட்டில் அந்தப் பெண்ணின் சிறைத் தண்டனை போய், சம்பளமில்லாத சமூகப் பணியாக மாறியது. அதற்குள் முதல் பதிவின் ஸ்கிரீன்ஷாட் எங்கெங்கோ போய்விட்டது.