நோயேல் (கிறிஸ்துமஸ்) பரிசு யார் தந்தது? உங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறீர்கள்?

வாக்வா அம்மா:

இங்கே மொரீஷியஸில் பள்ளிக்கூடம் மூடியாயிற்று, பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில். என் சின்னவனுக்கு ஆறு வயது. போன வாரம் சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டான். கிரியோல் மொழியில்தான் கேட்டான், நான் தமிழில் எழுதுகிறேன்: "தீபாவளிச் சட்டை அப்பா வாங்கித் தந்தார். பொங்கலுக்குப் பாட்டி காசு தந்தாங்க. நோயேல் பொம்மை மட்டும் ஏன் நமக்குத் தெரியாத ஆள் தருகிறார்?"

என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்து மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

நாங்கள் கோவில், விரதம் என்று இருக்கிற குடும்பம். தைப்பூசக் காவடி தவறாது. அதற்காக டிசம்பர் 25ஆம் தேதி பிள்ளையை வெறுங்கையோடு உட்கார வைக்க முடியுமா? எங்கள் தெருவில் இந்து வீடு, சீனர் வீடு, கிரியோல் வீடு எல்லாவற்றிலும் அன்று காலை காகிதம் கிழிகிற சத்தம்தான். தீபாவளிக்கு நாங்கள் பலகாரத் தட்டு அனுப்புகிறோம், நோயேலுக்கு அவர்கள் கேக் அனுப்புகிறார்கள். அதிலெல்லாம் சிக்கலே இல்லை. சிக்கல் இந்தச் சிவப்புச் சட்டைக்காரர்தான், பாப்பா நோயேல் என்கிற கிறிஸ்துமஸ் தாத்தா. மற்ற பண்டிகைகளில் தந்தவர் யார் என்று பிள்ளைக்குத் தெரியும், காலில் விழுந்து வாங்குகிறான். இதில் மட்டும் கும்பிட ஆளில்லை.

உங்கள் வீட்டில் என்ன சொன்னீர்கள், உண்மை எப்படி வெளியே வந்தது, எழுதுங்கள். நடந்ததை எழுதினால் போதும், உபதேசம் வேண்டாம்.

கியூர்பிப் மருமகள்:

நான் பிறந்தது ரோஸ் ஹில். அம்மா வீட்டில் பிரெஞ்சு வழக்கப்படி மரத்தடியில் ஷூ வைப்போம், காலையில் அதன்மேல் பரிசு இருக்கும். மரம் என்றால் சவுக்குக் கிளை, வாளியில் மணல் போட்டு நட்டது. கலியாணமாகி கியூர்பிப் வந்து, என் மூத்தவனுக்கு மூன்று வயதானபோது இங்கேயும் அதையே செய்யப் போனேன். மாமியார் பார்த்துவிட்டார். சாமி அறைக்கு நேர் எதிரே, நடுக்கூடத்தில், செருப்பு! "வாசலுக்கு வெளியே வைம்மா, வருகிறவர் அங்கேயே வைத்துவிட்டுப் போகட்டும்" என்றார். வைத்தோம். கியூர்பிப் மழையைப் பற்றி இந்தத் தீவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடிந்து பார்த்தால் ஷூவுக்குள் தண்ணீர், அட்டைப்பெட்டி கூழ். பொம்மை லாரி மட்டும் தப்பியது.

அடுத்த வருடம் மாமியாரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஷூவுக்குப் பதில் பித்தளைத் தாம்பாளம். பாப்பா நோயேல் தமிழ் வீட்டுக்கு வந்தால் தாம்பாளத்தில்தான் வைப்பார் என்று பேரனிடம் சொல்லிவிட்டார். இப்போது எங்கள் வீட்டில் நோயேல் பரிசு எல்லாம் சீர்வரிசை மாதிரிதான் இருக்கும். பெட்டியின் மூலையில் குங்குமம் வேறு. அதை யார் வைத்தது என்று பையன் இதுவரை கேட்கவில்லை.

அவன் கேட்டது வேறு. புகைபோக்கி வழியாக இறங்குகிற படத்தை டிவியில் பார்த்திருக்கிறான். 1960இல் கரோல் புயலில் மரவீடு போன பிறகு தாத்தா கட்டிய கான்கிரீட் வீடு எங்களுடையது: தட்டைக் கூரை, ஜன்னலெல்லாம் இரும்புக் கம்பி. "புயலே நுழைய முடியாத வீட்டில் அவர் எப்படி நுழைந்தார்?" என்றான். மாமனார் சிரிக்காமல் "என்னிடம் சாவி வாங்கிக்கொண்டார்" என்று சொன்னார். அதோடு விட்டான். தாத்தா தெரிந்தே திறந்துவிட்ட ஆள் என்றால் பயமில்லை போல.

எபேன்காரன்:

நான் மதுரைக்காரன், எபேனில் கம்ப்யூட்டர் வேலை. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் தாத்தா என்றால் துணிக்கடை வாசலில் மிட்டாய் கொடுக்கிறவர். வீட்டுக்குள் வந்து எதையும் வைத்துவிட்டுப் போனதில்லை. என் மகள் இங்கே பள்ளியில் சேர்ந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு அவர் வர ஆரம்பித்தார்.

அவளுக்கு எட்டு வயதானபோது, தாத்தா எங்கே பறக்கிறார் என்று இணையத்தில் காட்டுகிற நோராட் வரைபடம் பிடித்துப்போனது. தெரியாதவர்களுக்கு: 1955இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு கடை விளம்பரம், ஒரு தொலைபேசி எண் குழப்பம். தாத்தாவிடம் பேச நினைத்த குழந்தையின் அழைப்பு வான்பாதுகாப்பு மையத்துக்குப் போனது. அங்கிருந்த கர்னல் அந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் தாத்தா எங்கே பறக்கிறார் என்று அந்த ராணுவ அமைப்பு காட்டிக்கொண்டிருக்கிறது. ராக்கெட்டைக் கண்காணிக்கிறவர்கள் செய்கிற வேலையைப் பாருங்கள்.

நியூசிலாந்தில் நள்ளிரவு ஆகும்போது நமக்குப் பிற்பகல் 3 மணி. அப்போதிருந்தே மகள் திரையை விட்டு நகரவில்லை. இரவு 10.30க்கு மதுரையில் 12 மணி. அண்ணன் மகன் தூங்காமல் விழித்திருந்து வீடியோ அழைப்பில் வந்தான். "இங்க யாரும் வரலையே" என்றான். வரைபடத்தில் அந்த வண்டி இந்தியாவுக்கு மேலே பறக்கிறது, பையன் கையில் ஒன்றும் இல்லை. மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அங்கே பெரியப்பா தருவார், இங்கே இவர் தருவார் என்று ஏதோ உளறினேன். அவள் ஏற்கவில்லை. மறு வருடம் அவள் எழுதிய கடிதத்தில் மதுரை வீட்டு விலாசம் முழுசாக, பின்கோடு உட்பட, இருந்தது. நான் அண்ணனுக்கு போன் போட்டு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. இப்போது அங்கேயும் வருடா வருடம் வருகிறார். அண்ணி என்னை இன்னும் திட்டுகிறாள்.

கரும்புக்காட்டுப் பேரன்:

எனக்கு அறுபது நெருங்குகிறது. நான் வளர்ந்தது கரும்புத் தோட்டத்து கேம்ப்பில், அப்பா ஆலையில் வேலை. ஆலை முற்றத்தில் வருடத்துக்கு ஒரு முறை 'ஆர்ப்ர் து நோயேல்' விழா நடக்கும். இப்போதும் பல கம்பெனிகளில் நடக்கிறதே, தொழிலாளர் பிள்ளைகளை வரவழைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பரிசு தருவது, அதுதான். பாப்பா நோயேல் டிராக்டரில் வருவார். அந்த வெயிலில், டிசம்பர் வெயிலில், பஞ்சுத்தாடியோடு. அலுவலகத்து ஆட்களின் பிள்ளைகளுக்குப் பெரிய பெட்டி, சாவி கொடுத்தால் ஓடுகிற கார். எங்களுக்கு ஒரு ரப்பர் பந்து, ஒரு பொட்டலம் இனிப்பு. பெயர்ப் பட்டியலே இரண்டாக இருந்தது.

நல்ல பிள்ளைக்கு நல்ல பரிசு என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் நான் ஆபீசர் மகனை விடக் கெட்டவனா என்று அன்று இரவு அப்பாவிடம் கேட்டேன். அப்பா அதிகம் பேசமாட்டார். "தாடிக்குள்ளே இருந்தது நம்ம சர்தார். பந்து முதலாளி தந்தது. வருடப் பிறப்புக்கு நான் தருவது நான் தருவது" என்றார். (சர்தார் என்றால் தோட்டத்து மேஸ்திரி.) எனக்கு வருத்தமே இல்லை. உடம்பில் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நான் கெட்டவன் இல்லை, முதலாளி கஞ்சன், அவ்வளவுதான்.

அதனால் என் பிள்ளைகளிடம் ஒளிவு மறைவு கிடையாது. நோயேல் பொம்மை எங்கிருந்து வருகிறது? டிசம்பர் போனஸிலிருந்து. வருடச் சம்பாத்தியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, சட்டப்படி வருவது. அது கைக்கு வந்ததும் பிள்ளைகளைப் போர்ட் லூயிக்குக் கூட்டிப்போய், நடைபாதைக் கடைகளில் அவர்களையே பேரம் பேச விடுவேன். மகள் பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் "உங்க அப்பாவுக்கு போனஸ் வந்தாச்சா?" என்று கேட்டு, அந்த வீட்டில் ஒரே அழுகை. அந்த அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்ய, பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி.

வாக்வா அம்மா:

அண்ணா, உங்கள் மகளை இந்த மாதம் முடிகிற வரைக்கும் வாக்வா பக்கம் அனுப்பாதீர்கள்.

செயின்ட் குரோவா லூர்து:

எங்கள் வீட்டில் பாப்பா நோயேல் கிடையாது. நாங்கள் கத்தோலிக்கத் தமிழர்கள். பரிசு குழந்தை இயேசு தந்தது என்றுதான் என் பாட்டி சொல்வார், நள்ளிரவுப் பூசை முடிந்து வந்துதான் பிரிப்போம். பாட்டிக்குச் சிவப்புச் சட்டைக்காரர் மேல் கோபம். பாட்டி மட்டும் இல்லை, 1951இல் பிரான்சில் டிஜோன் பேராலயத்துக்கு முன்னால் பாப்பா நோயேல் உருவத்தை மறைக்கல்விப் பிள்ளைகள் பார்க்க எரித்தே விட்டார்கள். பண்டிகையைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டான் என்று குற்றச்சாட்டு. ஊரே இரண்டுபட்டது, மறுநாள் அவர் நகரமன்றக் கூரைமேல் தோன்றிப் பிள்ளைகளுக்குக் கையசைத்தார்!

என் மகன் ஐந்து வயதில் பாட்டியை மடக்கினான். "குழந்தை இயேசுவுக்குப் பிறந்தநாள் என்றால் நாம்தானே அவருக்குத் தரணும்?" பாட்டி அசரவில்லை. "ஆமாம், கொண்டு வா" என்றார். அன்றிலிருந்து ஒரு பொம்மையைத் துடைத்துக் காகிதம் சுற்றி கோவில் குடிலில் வைப்பது பழக்கமாகிவிட்டது. உடைந்ததைக் கொண்டுபோக முடியாது, பாட்டி சோதிப்பார்.

பக்கத்தில் கைலாசம் கோவில் தெருவில் எனக்கு ஒரு தோழி. அவள் மாமியார் இந்தத் தாடிக்காரக் கதையெல்லாம் வெள்ளைக்காரன் வேலை என்று ஒதுக்கி வைத்திருந்தார். நான் நிக்கோலாஸ் கதையைச் சொன்னேன். நான்காம் நூற்றாண்டு, இன்றைய துருக்கியில் இருக்கிற மைரா ஊர் ஆயர். ஓர் ஏழைக்கு மூன்று பெண்கள், சீதனம் கொடுக்க வழியில்லை, யாருக்கும் தெரியாமல் இரவில் வீட்டுக்குள் பொன்முடிப்பு போட்டார் என்பது கதை. மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெண்ணுக்குக் கலியாணச் செலவு கொடுத்த மனுஷனா? முதலிலேயே சொல்வதற்கென்ன! வரட்டும், வரட்டும்."

சேன் ஆந்த்ரே மலபார்:

பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவிலிருந்து எழுதுகிறேன். கோவில் மாலை வகுப்பில் படித்த தமிழ், பிழை பொறுக்கவும். எங்களுக்கு அரசாங்கமே பொய்க்குச் சாட்சி. பிரெஞ்சு அஞ்சல் துறை 1962இலிருந்து பாப்பா நோயேல் பெயரில் பதில் போடுகிறது, சில வருடம் கழித்து அந்த அலுவலகம் லிபூர்ன் ஊருக்குப் போனது. முதல் பதிலை எழுதியது அப்போதைய அஞ்சல் அமைச்சரின் சகோதரி பிரான்சுவாஸ் தோல்த்தோ, பெயர்பெற்ற குழந்தை மனநல மருத்துவர். என் மகள் "இங்கே வரும்போது அந்தக் கோட்டைக் கழற்றிவிடுங்கள், வேர்க்கும்" என்று எழுதினாள். 9,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அச்சடித்த பதில் வந்தது, படம் முழுக்கப் பனி. கோட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மகளுக்குச் சந்தேகம் வந்தது அன்றுதான். என் அம்மாவோ அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார், அரசாங்க முத்திரை இருக்கிறது என்று.

நேர்பேச்சு:

எல்லோரும் கதையாகச் சொல்கிறீர்கள். பிள்ளையிடம் பொய் எதற்கு? என் வீட்டில் மூன்று வயதிலேயே "இது விளையாட்டு, அப்பா வாங்கினது" என்று சொல்லிவிட்டோம். அப்படியும் என் மகன் ஒரு தட்டில் காத்தோ பிமான் (மிளகாய் வடை) வைத்துவிட்டுத் தூங்கினான், பாப்பா நோயேலுக்காம். நான்தான் சாப்பிட்டேன் என்று காலையில் சொன்னால், "தெரியும், ஆனால் நாலு வைத்தேன், ஒன்றாவது மிச்சம் வைத்திருக்கலாம்" என்கிறான்.

தமிழ் மிஸ்:

ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லித் தருகிறேன், இந்த விஷயம் வருடா வருடம் என் வகுப்புக்குள் வரும். "மிஸ், அவர் இருக்காரா?" என்று கேட்டால், உனக்கு யார் சொன்னார்களோ அவர்களையே கேள் என்று விடுவேன். அது என் வேலை இல்லை. உண்மை தெரிந்த பிள்ளைகள் தாத்தா இல்லை என்று அழுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. தெரியாமல் இருந்ததற்காக மற்றவர்கள் சிரித்தார்கள் என்றுதான் அழுகிறார்கள். ஆகவே பெரிய வகுப்புக்குப் போகும் முன் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்குச் சகிக்காத ஒன்று உண்டு. காசு இல்லாத வருடத்தில் "நீ குறும்பு செய்தாய், அதனால் வரவில்லை" என்று சொல்வது. மேலே அண்ணன் எழுதிய பந்துக் கதையேதான் அது. என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அதை மட்டும் சொல்லாதீர்கள். 2020 டிசம்பரில், கொரோனா காலத்தில், ஓட்டல் வேலையில் இருந்த எத்தனை வீடுகளில் கை காய்ந்துபோயிற்று என்று உங்களுக்கே தெரியும். அந்த ஜனவரியில் ஒரு சின்னப் பெண் வகுப்பில் எழுந்து நின்று சொன்னாள்: "பாப்பா நோயேல் வந்துட்டார் மிஸ். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்ததால் ஓட்டலில் 14 நாள் அடைத்து வைத்திருக்காங்க. முடிஞ்சதும் வீட்டுக்கு வருவார்." அப்போது வருகிறவர் எல்லோருக்கும் அதுதானே விதி! அந்த அப்பா அம்மாவைப் பார்த்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. பொம்மை மாதக் கடைசியில் வந்தது. தனிமையில் இருந்தபோது அவர் போரடித்துப் போயிருப்பார் என்று வகுப்பே பரிதாபப்பட்டது.

வாக்வா அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பேச்சு முடிந்தது. தீபாவளிக்கு அப்பா, பொங்கலுக்குப் பாட்டி, நோயேலுக்கும் வீட்டுப் பெரியவர்கள்தான், ஆனால் கொண்டு வந்து வைப்பது மட்டும் அவர் என்று சொன்னேன். "காசு?" "அப்பா." "அப்போ அவர் டெலிவரியா?" "ஆமாம்." யோசித்தான். "சரி, அப்போ அப்பா காலில் விழுந்தால் போதும்" என்று தூங்கப் போய்விட்டான். வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல்.

மகாபூர் அப்பா:

தாமதமாக வருகிறேன், எனக்குக் கதை இல்லை, உதவி வேண்டும். இந்த வருடம் பையனுக்கு சைக்கிள் வாங்கியாயிற்று. இரண்டு அறை வீடு, கட்டிலுக்கடியில் நுழையாது, மொட்டை மாடியில் வைத்தால் துணி காயப்போடும்போது பார்த்துவிடுவான். பக்கத்து வீட்டு கராஜில் வைக்கலாம் என்றால் அந்த வீட்டுப் பேரனும் இவனும் ஒரே வகுப்பு. 24ஆம் தேதி இரவு வரை ஒரு சைக்கிளை எங்கே ஒளிப்பது? மகாபூர் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வாடகைக்கு லிச்சி தருகிறேன்.