சத்தியமங்கலம் பக்கம் மான்கறிக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

நூல்காரன், திருப்பூர்:

வணக்கம். போன மாதம் தையல் மெஷின் பார்க்க பாங்காக் போயிருந்தேன். அங்கே ராத்திரிக் கடைத்தெருவில் ஒரு முழு முதலையைக் கம்பியில் கோர்த்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் தின்று பார்க்கத் தோன்றியது. ஒரு குச்சி வாங்கினேன். கோழிக்கும் மீனுக்கும் நடுவில் ஒரு ருசி, நார் கொஞ்சம் அதிகம். அறைக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

ஊருக்கு வந்து சொன்னதும் என் பங்காளி ஒருவர், "முதலை என்ன பெரிய முதலை! வர ஞாயிறு சத்திப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளைக்கு வா. மான்கறி வருது, உடும்பு கிடைச்சா அதையும் போடுறாங்க" என்றார். சாளை என்றால் தோட்டத்து வீடு. தலைக்கு 3,000 ரூபாய். சரி என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

முதலைக்கு வராத உறுத்தல் மானுக்கு மட்டும் ஏன் வருகிறது? மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தானா, வேறு ஏதாவதா? சைவமா அசைவமா என்ற சண்டை வேண்டாம். நான் ஆடு, கோழி தின்கிறவன், அதை விடப்போவதில்லை.

கொல்லிமலையான், நாமக்கல்:

தைரியமாகப் போய்ச் சாப்பிடுங்கள். எங்கள் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், காட்டுப்பன்றி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போய், கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் தைத்தது என்று சங்கப் பாட்டு கொண்டாடுகிறது. வேட்டைக்கறி நமக்கு எந்த நாட்டிலிருந்தும் வந்த பழக்கமில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் பக்கத்து முட்டைக்கோழி இறக்கையைக்கூட விரிக்க முடியாத கூண்டில் ஒரு வருடத்துக்கு மேல் நிற்கிறது. பல்லடம் பக்கம் கறிக்கோழிக்கு ஆயுள் ஆறு வாரம். அந்த மான் கடைசி நிமிடம் வரை தன் இஷ்டத்துக்கு ஓடித் திரிந்தது. எந்தக் கறியில் கொடுமை அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

காங்கேயத்தான்:

அண்ணா, ஓரி காலத்தில் கொல்லிமலை முழுக்கக் காடு. இன்றைக்கு மிச்சமிருப்பதைக் கிலோமீட்டர் கணக்கில் எண்ணிவிடலாம். அந்த அம்பை இந்தக் காட்டில் விடச் சொல்கிறீர்களா?

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, முயல் வேட்டைக்குப் போனவர். எங்களுக்குக் கொரங்காடு இருந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், அதில்தான் காங்கேயம் மாடு மேயும். முயலும் கௌதாரியும் அந்தப் புல்லில்தான் கிடக்கும். காட்டு முயல் பண்ணை முயல் மாதிரி வளை தோண்டாது. வெட்டவெளியில் ஒரு புல் கவட்டையில் குட்டி போடும். குட்டி ரோமத்தோடு, கண் திறந்தபடி பிறக்கும். அப்பாரு வலை கட்டி, நாயை விட்டு, ஒரு பகல் முழுக்க ஓடினால் ஒன்று கிடைக்கும், சில நாள் அதுவும் கிடைக்காது. சினை முயல் வலையில் விழுந்தால் விட்டுவிடுவார். நான் சிறுவனாக இருந்தபோது கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

இப்போது பைக்கில் வருகிறார்கள். நெற்றியில் ஒரு லைட். வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் முயல் அப்படியே உறைந்து நிற்கும். ஒரே ராத்திரியில் ஏழெட்டு. கொரங்காடும் பாதி மனையாகிவிட்டது. போன மாரியில் நான் பார்த்தது மொத்தம் இரண்டு முயல். அப்பாருவின் பழக்கத்தைச் சொல்லி இந்த லைட் வேட்டையை நியாயப்படுத்தினால் எனக்கு வயிறு எரிகிறது.

தாளவாடி விவசாயி:

நகரத்து ஆட்கள் மானைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். சரி. என் கதையையும் கேளுங்கள்.

எனக்கு மூன்று ஏக்கர் மக்காச்சோளம். கதிர் பால் பிடிக்கும்போது காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கும். தின்பது கால்வாசி, மிதித்துச் சாய்ப்பது முக்கால்வாசி. மூன்று மாதம் நானும் வீட்டுக்காரியும் மாற்றி மாற்றிப் பரண் மேல் படுக்கிறோம். நம் ஊரில் தோட்டத்தையே காடு என்றுதான் சொல்கிறோம். என் காட்டில், நான் போட்ட யூரியாவில் வளர்ந்த சோளத்தைத் தின்று கொழுத்த பன்றி. அதைத் தொட்டால் நான் கைதி.

2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவு அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையே சுடும். என் தோட்டத்து வேலிக்கு அடுத்தது காப்புக்காடு. எனக்கு அதில் என்ன பிரயோசனம்?

சுட்ட பன்றியையும் குழி தோண்டிப் புதைக்கிறார்களாம். என் சோளமும் மண்ணுக்கு, அந்தக் கறியும் மண்ணுக்கு. ஆஸ்திரேலியாவில் கங்காருவை எண்ணி, வருடத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கி, உரிமம் வாங்கியவன் சுட்டு, கறியைக் கடையில் விற்கிறான். அது நாகரிகம், நாங்கள் கேட்டால் காட்டுமிராண்டித்தனமா?

கால்நடை மருத்துவர், அவினாசி:

தாளவாடி அண்ணனின் கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. முதலில் நூல்காரர் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் திருத்தம் வந்து பட்டியல்களை மாற்றியமைத்தார்கள். உடும்பு, மயில், எறும்புத்தின்னி எல்லாம் முதல் பட்டியல். அதற்குக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை. காட்டுப்பன்றியும் காட்டு முயலும் இரண்டாம் பட்டியல். 3 வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வேட்டையாடப்பட்ட காட்டு விலங்கு யார் தோட்டத்தில் விழுந்தாலும் அரசுச் சொத்து. அதனால் சுட்டவர் மட்டும் குற்றவாளி இல்லை. கறியை வைத்திருப்பவரும் மாட்டுவார். சமைத்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது என்று நினைக்க வேண்டாம். ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி ஆய்வகத்துக்கு ஒரு துண்டு போனால் மரபணுவை வைத்து எந்த விலங்கு என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது என் தொழில் சம்பந்தப்பட்டது. ஆட்டுத் தொட்டியில் அறுக்கும் ஆட்டை, ஒழுங்காக நடந்தால், அறுப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு மருத்துவர் பார்க்கிறார். காட்டுப்பன்றியை யார் பார்த்தது? அதன் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத புழு சின்னக் கூட்டுக்குள் சுருண்டு கிடக்கலாம். "பாதி வெந்தால்தான் ருசி" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2018-ல் கோழிக்கோடு பக்கம் நிபா வந்து 17 பேர் இறந்தார்கள். அந்த வைரஸுக்குப் பழந்தின்னி வௌவால்தான் வீடு. கோழிக்கோடு நமக்கு வாளையாறு தாண்டினால் வந்துவிடும் தூரம்.

கல்லாறு மகள், மேட்டுப்பாளையம்:

வௌவால் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்குச் சின்ன வயதில் வீசிங். அம்மிச்சி யாரிடமோ சொல்லி வைத்து, மூன்று வாரம் கோழிக்கறி என்று சொல்லியே வௌவால் கறி கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பேத்திக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. ஆனால் வீசிங் அதனால் போகவில்லை. இன்ஹேலர் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போனேன்.

மூட்டுவலிக்கு உடும்பு, முடி வளர முயல் ரத்தம், இருமலுக்குக் கருங்குரங்கு லேகியம் என்று இந்தப் பட்டியல் நீளம். வால்பாறைப் பக்கம் அந்தக் கருமந்தியை இதற்காகவே ஒரு காலத்தில் கொன்று குவித்தார்கள். ஆசைக்குத் தின்பவனை ஒருநாள் பேசிப் புரியவைக்கலாம். மருந்து என்று நம்புகிறவரிடம் பேசுவதுதான் கஷ்டம்.

கொல்லிமலையான், நாமக்கல்:

சட்டம், புழு, வைரஸ் எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூண்டுக்கோழி பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சரி, திருட்டுத்தனம்தான் பிரச்சினை என்றால் மானையும் பன்றியையும் பண்ணையில் வளர்க்க அனுமதி கொடுத்துவிட்டால் என்ன? தாய்லாந்தில் முதலையை அப்படித்தானே வளர்க்கிறார்கள்?

அமராவதிக் கரை, உடுமலை:

எங்கள் அமராவதி அணையிலும் முதலைப் பண்ணை இருக்கிறது. பேர்தான் ஒன்று. இங்கே ஆற்றங்கரை முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்துத் திரும்ப ஆற்றில் விடுவதற்காக ஆரம்பித்தார்கள்.

தாய்லாந்துப் பண்ணைகளில் லட்சக்கணக்கில் சயாமிய முதலைகள் இருக்கின்றன. தோலுக்கும் கறிக்கும். அதே இனம் அந்த நாட்டு ஆறுகளில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம். ஆரம்பத்தில் பண்ணைக்கு முதலை ஆற்றிலிருந்துதானே வந்தது? பண்ணை இருந்தால் காட்டு விலங்கு பிழைத்துக்கொள்ளும் என்பதை நான் நம்பவில்லை. நூல்காரரே, உங்கள் குச்சிக்கறிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மான் கணக்கு அளவுக்கு அது மோசமில்லை, அவ்வளவுதான்.

பெருந்துறைப் பையன்:

பண்ணை என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஈமுவை மறந்துவிட்டீர்களா?

எங்கள் பெரியப்பா 2011-ல் ஒன்றரை லட்சம் கட்டி ஆறு குஞ்சு வாங்கினார். மாதம் 6,000 ரூபாய் பராமரிப்புக் காசு வரும் என்றார்கள். ஆஸ்திரேலியப் பறவை, கொழுப்பே இல்லாத கறி, எண்ணெய்க்குத் தனி விலை என்று விளம்பரம். சில மாதம் காசு வந்தது. 2012-ல் எல்லாம் படுத்தது. வாங்க ஆள் இல்லாத பறவைகள் பட்டியில் நின்றன. தீவனத்துக்குக் காசில்லை. பசியில் அவை ஒன்றையொன்று கொத்தியதைப் பார்த்தேன். பெரியப்பா பெரியம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்துத் தீவனம் வாங்கினார், பணம் போன பிறகும். வாயில்லா ஜீவன் என்றார்.

ஈமுக் கறியை ஊரே ஒரு தடவை தின்று பார்த்தது. இரண்டாவது தடவை யாரும் கேட்கவில்லை. காடையைப் பாருங்கள், நம் ஊர் ஓட்டல்களில் நிலைத்துவிட்டது. ருசியும் விலையும் ஒத்துவந்ததால் திரும்பத் திரும்பத் தின்கிறார்கள். புதுசாக ஒன்றைத் தின்று பார்க்கும் ஆசை ஒரு வாய்க்கு மேல் நிற்காது. அதை நம்பிப் பட்டி போட்டால் பட்டினி கிடப்பது அந்த ஜீவன்தான்.

காரமடைக்காரன்:

நூல்காரரே, உங்கள் 3,000 ரூபாய் எங்கே போகிறது என்று சொல்கிறேன். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன்.

சாளைக்காரர் பாதியை எடுத்துக்கொள்வார். மீதியில் ஒருவன் பைக் கிளட்ச் கம்பி வாங்கிச் சுருக்கு வைப்பான். சுருக்குக்கு மானும் தெரியாது, சிறுத்தையும் தெரியாது. எது கழுத்தை விட்டாலும் இறுகும். இன்னொருவன் அவுட்டுக்காய் வைப்பான். பழத்துக்குள் வெடிமருந்து. பன்றி கடித்தால் தாடை போகும், ஓடிப்போய் எங்காவது விழும். பன்றிக்கு வைத்ததை மேய்ச்சலுக்குப் போன மாடு கடித்தால்? 2023-ல் எங்கள் வனச்சரகத்தில் வாயில் காயத்தோடு ஒரு பெண் யானை சுற்றியது. பசி, தின்ன முடியவில்லை. பிடித்து டாப்சிலிப் பக்கம் வரகளியாறு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை. அவுட்டுக்காய் கடித்த காயம் என்று பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது.

பிடிபடுவது யார் தெரியுமா? கம்பி வைத்த கூலிக்காரன். பல சமயம் மலைவாழ் மக்களில் ஒருவன். சாப்பிட்டவர்கள் காரில் திருப்பூர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பசிக்கு ஒரு முயல் பிடித்தவனையும் மூவாயிரம் கொடுத்து ருசி பார்க்க வருகிறவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். காசு வராவிட்டால் அந்தக் கம்பியில் பாதி காட்டுக்குள் போகாது.

கொல்லிமலையானுக்கு: கூண்டுக்கோழி கொடுமைதான். அதற்கு நாட்டுக்கோழி வாங்குங்கள், கூண்டுக்கு எதிராகப் பேசுங்கள், நானும் வருகிறேன். அதற்காக மான் சாக வேண்டியதில்லை.

கொல்லிமலையான், நாமக்கல்:

கம்பி விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். அந்த யானையைப் பற்றி எனக்குத் தெரியாது. வேட்டை என்றதும் என் மனசில் இருந்தது வில்லும் ஓட்டமும். வேட்டையே தப்பு என்பதை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நூல்காரன், திருப்பூர்:

எல்லோருக்கும் நன்றி. பங்காளியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "நீ வராட்டி என்ன, மான் உயிரோட எந்திரிச்சு வந்துருமா" என்று கேட்டார். நான் போகாததால் அந்த மான் பிழைக்காது, தெரியும். அடுத்த தடவை ஒரு தலை குறைகிறது என்று மட்டும் பதில் சொன்னேன். அவர் இன்னும் கோபத்தில்தான் இருக்கிறார்.

ஈரோடு பக்கம் வெள்ளோடு சரணாலயத்தில் பறவைகள் பயந்துவிடும் என்று சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்காமல் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள், ஆசை இருக்கிறது. எனக்கு ஒரு வேளைக் கறியை விடுவது பெரிய விஷயமில்லை.

தாளவாடி அண்ணனுக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் உறுத்தல் தீர்ந்துவிட்டது, உங்கள் சோளம் அப்படியே இருக்கிறது. இழப்பீட்டுக்கு எழுதிக்கொடுத்தீர்களா?

தாளவாடி விவசாயி:

போன வருடம் கொடுத்தேன், வந்த பணம் விதைக்குக்கூடக் காணவில்லை. இந்த வருடம் படம் எடுத்து வைத்திருக்கிறேன், திரும்பக் கொடுப்பேன். எங்களுக்கு அந்தக் கறி வேண்டாம் தம்பி, ராத்திரி தூக்கம் வேண்டும். அதை யாராவது விவாதித்தால் கூப்பிடுங்கள். இப்போது பரண் மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஓடைப் பக்கம் சத்தம் கேட்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன்.