(2025 கோடை) 19 வருஷ சென்ட்ரல் ஏசி கையை விரிச்சிடுச்சு, 4 டன்னா 5 டன்னா? யாராச்சும் சொல்லுங்க

ஃப்ரிஸ்கோவாசி:
எல்லாருக்கும் வணக்கம். டாலஸ் பக்கத்துல ஃப்ரிஸ்கோல இருக்கோம், 2006ல கட்டின வீடு, மாடி கிடையாது, 2,300 ஸ்கொயர் ஃபீட். வெளிய 4 டன் யூனிட் (டன்னுன்னா எடை இல்ல, குளிர வெக்கற சக்தி), ஃபர்னஸும் (குளிர்காலத்துக்கான ஹீட்டர்) காத்த குளிர வெக்கற காயிலும் மேல ஆட்டிக்ல, அதாவது கூரைக்கு கீழ இருக்கற பரண்ல. வீட்டோட வந்த ஒரிஜினல் சிஸ்டம் தான், குளிர வெக்க உள்ள ஓடறது பழைய ஆர்-22 கேஸ். போன வியாழக்கிழமை மதியம் 3 மணிக்கு வெளிய 102 டிகிரி ஃபாரன்ஹீட், உள்ள 84, தெர்மோஸ்டாட்ல 75 வெச்சிருக்கு. ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்து மூணு வாரம் தான் ஆச்சு. அம்மா "கோவில்பட்டி வெயில விடவா"ன்னு டேபிள் ஃபேன் முன்னாடி உக்காந்துட்டாங்க, அப்பா தான் அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு போய் தெர்மோஸ்டாட்ட தட்டித் தட்டி பாக்கறாரு.

டெக்னிஷியன் வந்து பாத்துட்டு ஆட்டிக்ல இருக்கற காயில்ல லீக்குன்னு சொன்னான், கொஞ்சம் கேஸ் ஏத்தி விட்டிருக்கான், இப்போதைக்கு 77 வரைக்கும் வருது, எத்தனை நாள் தாங்கும்னு தெரியல. அதே கம்பெனி சேல்ஸ் ஆள் சாயங்காலமே வந்து பத்து நிமிஷத்துல கொட்டேஷன் குடுத்துட்டாரு: 5 டன், ஆர்-22க்கு அப்புறம் வந்த ஆர்-410ஏ கேஸ், வெளி யூனிட்டும் காயிலும் மட்டும், 11,900 டாலர், இன்னிக்கே கையெழுத்து போட்டா 500 தள்ளுபடி. ரெண்டாவது கம்பெனி 4 டன், அதையும் விட புதுசான ஆர்-454பி கேஸ், ஃபர்னஸும் சேத்து மாத்தணும்னு 16,800 சொல்றாங்க. என் கேள்வி மூணு. 5 டன் போட்டா சீக்கிரம் குளிருமா? 410ஏ வாங்கறது முட்டாள்தனமா? ஃபர்னஸ் நல்லா தான் ஓடுது, அதையும் எதுக்கு மாத்தணும்? வொய்ஃப் வேற "முடிவு பண்ணுங்க இல்லனா ஹோட்டலுக்கு போறோம்"னு சொல்லிட்டா.

குளுகுளு:
பாஸ் யோசிக்காம 5 டன் போடுங்க, டெக்ஸாஸ் வெயிலுக்கு எவ்ளோ பெருசா இருந்தாலும் நல்லது தான். ஒரு சைஸ் மேல போறதுக்கு வெல வித்தியாசமும் பெருசா வராது.

ஆட்டிக்எலி:
குளுகுளு சொல்றத தயவுசெஞ்சு கேக்காதீங்க, நான் கேட்டு அனுபவிச்சவன். பழைய வீட்ல 3 டன் இருந்த இடத்துல 4 டன் போட்டேன். எட்டு நிமிஷம் ஓடும், டப்புனு நிக்கும், கொஞ்ச நேரத்துல திரும்ப ஓடும். தெர்மோஸ்டாட் 74ன்னு காட்டும் ஆனா உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும், சோபா கூட ஈரமான மாதிரி. ஏன்னா ஏசி காத்த குளிர வெக்கறதோட காத்துல இருக்கற ஈரத்தையும் காயில்ல தண்ணியா இறக்கணும், அதுக்கு அது நிக்காம கொஞ்ச நேரம் ஓடியாகணும். பெரிய யூனிட் அதுக்குள்ள டெம்பரேச்சர இறக்கிட்டு ஆஃப் ஆயிடும், ஈரம் வீட்லயே தங்கிடும்.

நீங்க பாக்க வேண்டியது வேற ஒண்ணு. பழைய 4 டன் நல்லா இருந்த காலத்துல, 100 டிகிரி நாள்ல மதியம் எவ்ளோ நேரம் ஓடும்? நிக்காம ஓடி 75ஐ பிடிச்சு வெச்சிருந்தா சைஸ் கரெக்ட்னு அர்த்தம். நடுநடுவுல பத்து நிமிஷம் பதினஞ்சு நிமிஷம் நின்னுச்சுன்னா 4 டன்னே கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு டன்னுன்னா மணிக்கு 12,000 பிடியூ (சூட்ட அளக்கற அளவு), அந்த காலத்துல ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்துல உருகறதுக்கு எடுத்துக்கற சூடு தான் அந்த கணக்கு. உங்க வீட்டுக்கு எத்தனை பிடியூ வேணும்னு ஸ்கொயர் ஃபீட்ட மட்டும் பாத்து சொல்ல முடியாது, ஜன்னல் எந்த பக்கம், ஆட்டிக் இன்சுலேஷன் எவ்ளோ, காத்து போற டக்ட் குழாய் எங்க போகுது எல்லாம் போட்டு மேனுவல் ஜேன்னு ஒரு கணக்கு போடுவாங்க. பத்து நிமிஷத்துல கொட்டேஷன் குடுத்தவர் ஒரு ஜன்னலையாச்சும் அளந்தாரா?

ஃப்ரிஸ்கோவாசி:
எங்க அளந்தாரு, கிச்சன்ல உக்காந்து அம்மா குடுத்த காபிய குடிச்சிட்டு ஐபேட்ல தட்டினாரு. நீங்க சொன்னப்புறம் தான் யோசிக்கறேன், போன வருஷம் ஆகஸ்ட்ல கூட மதியம் நடுவுல நின்னு நின்னு தான் ஓடுச்சு.

பனிக்காட்டான்:
தம்பி, நான் டொராண்டோவில இந்த வேலைதான் செய்யிறன், பதினைஞ்சு வருசமாச்சு. உங்கட ஊர் வெக்கை இஞ்ச இல்லை, ஆனா பெட்டி எல்லா இடமும் ஒண்டுதான். முதல்ல போய் உங்கட ரிட்டர்ன் கிரில்லைப் பாருங்கோ, காத்தை உள்ளுக்கு இழுக்கிற அந்த ஃபில்டர் இருக்கிற இடம். எத்தினை இருக்கு, என்ன அளவு?

ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 400 சிஎஃப்எம் (நிமிசத்துக்கு எத்தினை கன அடி) காத்து வேணும். 4 டன்னுக்கு 1,600, 5 டன்னுக்கு 2,000. ஒரு இஞ்ச் தடிப்பு ஃபில்டர் எண்டா சதுர இஞ்சுக்கு 2 சிஎஃப்எம்முக்கு மேல இழுக்கப்படாது எண்டு நாங்கள் கணக்கு வைக்கிறது. 20க்கு 25 இஞ்ச் ஃபில்டர் ஒண்டே ஒண்டு எண்டா 1,000 தான், அது 4 டன்னுக்கே காணாது. அதில 5 டன்னைப் பூட்டினா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்ன மாதிரி இருக்கும். காயில் ஐஸ் கட்டும், காத்தை ஊதுற புளோவர் மோட்டார் சாகும், பிறகு பெட்டி சரியில்லை எண்டு கம்பெனியைத் திட்டுவியள்.

கேஸ் விசயம். ஆர்-22 அமெரிக்காவில 2020 ஜனவரி 1ல இருந்து புதுசா செய்யவோ இறக்கவோ ஏலாது, முந்திச் செய்து வைச்சதும் பழசில இருந்து எடுத்துச் சுத்தம் பண்ணினதும்தான் இப்ப ஓடுது. கேஸ் எண்டது பெட்ரோல் மாதிரி முடியிற சாமான் இல்லை, குறைஞ்சிருந்தா எங்கயோ ஒழுகுது. லீக்கோட திரும்பத் திரும்ப ஏத்தினா காசைக் காத்தில விடுறது தான். 410ஏ பெட்டியள் 2025 ஜனவரியில இருந்து செய்யேலாது, முந்திச் செய்து கிடங்கில கிடக்கிறதைத்தான் இந்த 2025ல தள்ளிவிடினம். அது கெட்ட சாமான் இல்லை, நல்ல விலை எண்டா எடுக்கலாம், ஆனா 11,900 நல்ல விலை இல்லை. 454பி சாடையா நெருப்புப் பிடிக்கக் கூடிய வகை, அதால காயிலுக்குள்ள லீக் சென்சர் வரும், லீக் கண்டா புளோவரை ஓட விட்டு காத்தைக் கலைக்கும். பயப்பிட ஒண்டும் இல்லை. இந்த 2025ல அந்த சிலிண்டருக்குத் தட்டுப்பாடு இருக்கு, அதை மட்டும் கம்பெனியிட்ட முன்னமே கேட்டு வையுங்கோ.

ஃபர்னஸ் பத்தொன்பது வயசு எண்டா நானும் சேர்த்து மாத்தத்தான் சொல்லுவன். ஏசிக்குக் காத்து அடிக்கிறது அந்த புளோவர் தானே. இப்ப விட்டு ரெண்டு வருசத்தில அது போனா, ஆட்டிக்குக்கு ஏறி எல்லாத்தையும் கழட்டிற கூலியைத் திரும்பக் குடுக்கோணும்.

ஆட்டிக்எலி:
அண்ணே அருமை. இன்னொண்ணு சேத்துக்கறேன், வெளி யூனிட், காயில், ஃபர்னஸ் மூணுக்கும் சேத்து ஒரு ஏஹெச்ஆர்ஐ (ஏசி தயாரிப்பாளர் சங்கம்) சர்டிஃபிகேட் நம்பர் கேளுங்க, மூணும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தி டெஸ்ட் ஆனதா இல்லையான்னு அதுல தெரிஞ்சிடும். எவ்ளோ சிக்கனமா கரண்ட் இழுக்குதுன்னு காட்டற சீர்2 ரேட்டிங் நம்ம டெக்ஸாஸ்ல 45,000 பிடியூக்கு கீழ குறைஞ்சது 14.3 இருக்கணும். டாக்ஸ் கிரெடிட்னு சேல்ஸ் ஆள் சொன்னா உஷார், சாதா ஏசிக்கு அதிகபட்சம் 600 டாலர் தான், அதுவும் உசந்த ரேட்டிங் மாடலுக்கு மட்டும், ஹீட் பம்ப்னா (குளிர், சூடு ரெண்டும் குடுக்கற யூனிட்) 2,000 வரைக்கும், ரெண்டுமே 2025 டிசம்பர் 31க்குள்ள மாட்டி முடிச்சா தான், அதுக்கப்புறம் கிடையாது. 600க்காக 3,000 ஜாஸ்தி குடுத்து மாடல் ஏத்தாதீங்க. கான்ட்ராக்டர் வண்டில லைசன்ஸ் நம்பர் இருக்கான்னு பாருங்க, டிஏசிஎல்னு ஆரம்பிக்கும். சிட்டி பெர்மிட் வேணாம் காசு மிச்சம்னு எவனாவது சொன்னா வாசலோட அனுப்பிடுங்க.

சமையல்கட்டு:
நான் ஏசி எக்ஸ்பர்ட் இல்ல, ஒண்ணே ஒண்ணு மட்டும். ஆட்டிக்ல ஃபர்னஸுக்கு அடியில இருக்கற தட்டுல ஃப்ளோட் ஸ்விட்ச் போட சொல்லுங்க. எங்க வீட்ல காயில் தண்ணி வெளிய போற குழாய் அடைச்சுக்கிட்டு தட்டு நிறைஞ்சு, நாங்க சென்னை போயிருந்த நேரம் பாத்து மாஸ்டர் பெட்ரூம் சீலிங் அப்படியே மெத்தை மேல. தண்ணி ஏறினா யூனிட்ட நிறுத்திடும் அந்த ஸ்விட்ச், சில்லற சமாச்சாரம், ஆனா எங்களுக்கு யாரும் சொல்லல.

ஃப்ரிஸ்கோவாசி:
எல்லாருக்கும் அப்டேட். பனிக்காட்டான் அண்ணே, நீங்க இங்க வந்து எட்டி பாத்த மாதிரியே சொல்லிருக்கீங்க, ஹால்வேல 20க்கு 25 ஒண்ணே ஒண்ணு தான்! மூணாவதா ஒருத்தர கூப்பிட்டேன், சின்ன கம்பெனி, அவரும் மகனும் தான். ஒண்ணரை மணி நேரம் இருந்தாங்க, ஜன்னல அளந்தாங்க, ஆட்டிக்ல இன்சுலேஷன் எத்தன இஞ்ச்னு ஸ்கேல் வெச்சு பாத்தாங்க, காத்து எவ்ளோ திணறுதுன்னு பாக்க ஃபர்னஸ்ல ஓட்ட போட்டு பிரஷர் எடுத்தாங்க. தண்ணி மட்ட கணக்குல 0.5 இஞ்ச் இருக்க வேண்டிய இடத்துல 0.9. மறுநாள் மேனுவல் ஜே ரிப்போர்ட் அனுப்பினாங்க, 38,000 பிடியூ. அதாவது 3.5 டன்னே போதும்!! ஒருத்தர் 5 டன் விக்க பாத்தாரு.

முடிவு: 3.5 டன், 454பி, புது ஃபர்னஸ், பெட்ரூம் பக்கம் ரெண்டாவது ரிட்டர்ன், ஃப்ளோட் ஸ்விட்ச் (நன்றி சமையல்கட்டு), பெர்மிட் எல்லாம் சேத்து 14,300. அப்பாவுக்கு தான் சமாதானமே ஆகல, "பெருச எடுத்துட்டு சின்னத வெக்கறானே, காசு மட்டும் கூட"ன்னு.

பனிக்காட்டான்:
நல்ல ஆளைப் பிடிச்சிருக்கிறியள். பூட்டுற அண்டைக்கு வீட்டில நில்லுங்கோ. கேஸ் ஓடுற பழைய கொப்பர் குழாயை மாத்தேலுமெண்டா மாத்தச் சொல்லுங்கோ, ஆர்-22 எண்ணெய் புதுசோட ஒத்துவராது, சுவருக்குள்ளால போகுது எண்டா நல்லாக் கழுவோணும். வெல்டிங் நேரம் நைட்ரஜன் விட்டுச் செய்யினமோ, பிறகு குழாய்க்குள்ள இருக்கிற காத்தைப் பம்பால உறிஞ்சி வேக்கம் 500 மைக்ரோனுக்குக் கீழ இறக்கி, பம்பை நிப்பாட்டினாப் பிறகும் அது ஏறாமல் நிக்குதோ எண்டு மீட்டரைக் காட்டச் சொல்லுங்கோ. நல்ல ஆள் எண்டா சந்தோசமாக் காட்டுவார்.

குளுகுளு:
சரி நான் தோத்துட்டேன் 😀 எங்க வீட்லயும் பிசுபிசுன்னு தான் இருக்கு, வாங்கி நாலு வருஷம் ஆச்சு, இப்ப என்ன பண்றது?

ஆட்டிக்எலி:
காத்துல இருக்கற ஈரத்த எடுக்கற டீஹ்யூமிடிஃபையர் வாங்குங்க. ஃபேன் செட்டிங் 'ஆன்'ல இருந்தா 'ஆட்டோ'வுக்கு மாத்துங்க, இல்லனா காயில்ல நிக்கற தண்ணிய புளோவர் திரும்ப வீட்டுக்குள்ளயே ஊதிட்டு இருக்கும்.

ஃப்ரிஸ்கோவாசி:
நேத்து மாட்டிட்டாங்க. வெளிய 101, உள்ள 75, சத்தமே இல்ல. வேக்கம் மீட்டர் 380 மைக்ரோன்ல நின்னுச்சு, போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். மதியம் ரெண்டுல இருந்து ஏழு வரைக்கும் நிக்காம ஓடுது, அப்பா அதையும் "நிக்கவே மாட்டேங்குதே, ரிப்பேரா?"ன்னு கேக்கறாரு. கரண்ட் பில் வந்ததும் போடறேன்.

பனிக்காட்டான்:
அப்பாட்ட அது அப்பிடித்தான் ஓடோணும் எண்டு சொல்லுங்கோ. வாரண்டியை கம்பெனி வெப்சைட்டில சீரியல் நம்பர் போட்டு இண்டைக்கே பதியுங்கோ, கனபேர் மறந்துபோயிடினம், கன கம்பெனியள் 60 நாளோ 90 நாளோ தான் தருவினம், விட்டா பத்து வருசப் பார்ட்ஸ் வாரண்டி அஞ்சாகிப் போகும்.

ஃப்ரிஸ்கோவாசி:
இப்பவே பண்றேன் அண்ணே. சீரியல் நம்பர் ஸ்டிக்கர் ஆட்டிக்குள்ள இருக்கு, ராத்திரி சூடு இறங்கட்டும், ஏறி எடுக்கறேன்.